விலங்குக் காப்பக ஊழியர்களையும் ஃபாஸ்டர் எடுப்பவர்களையும் பழக்குவது எப்படி: வரிசைப்படி ஒரு முழு வழிகாட்டி

நான் எடுத்த முதல் பயிற்சி வகுப்பில் காலை முழுவதும் நோய்களைப் பற்றியே பேசினேன். பார்வோ, டிஸ்டெம்பர், படர்தாமரை, எல்லாம் படங்களோடு. எல்லோரும் மும்முரமாகக் குறிப்பெடுத்தார்கள். பத்து நாள் கழித்து, அன்று முன்வரிசையில் உட்கார்ந்து எழுதியவரே நோய் அறையில் தட்டு கழுவிவிட்டு, அதே ஏப்ரனோடு குட்டிகள் இருந்த அறைக்குள் நுழைந்தார். பார்வோவின் அறிகுறிகளைக் கேட்டிருந்தால் ஒன்று விடாமல் ஒப்பித்திருப்பார்.

அதன்பிறகு பாடத்தின் வரிசையைத் தலைகீழாக மாற்றிவிட்டேன். முதலில் கண், அடுத்து கை, அப்புறம் வாய். நோய்ப் பெயர்கள் கடைசியில். பயிற்சி முடிந்து போகிறவர் அரை வைத்தியராகப் போகத் தேவையில்லை. மாறுதலைக் கண்டுபிடிக்கவும், நோயைத் தன் கையால் பரப்பாமல் இருக்கவும், உரிய ஆளிடம் நேரத்தோடு சொல்லவும் தெரிந்தால் போதும். இந்த வழிகாட்டி நாய், பூனைக் காப்பகங்களுக்கானது. ஃபாஸ்டர் எடுப்பவர் என்றால் காப்பக விலங்கைக் கொஞ்சகாலம் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்.

1. வகுப்புக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

கால்நடை மருத்துவர் பார்த்து ஒப்புக்கொண்ட எழுத்து நடைமுறை வேண்டும். தடுப்பூசி அட்டவணை, குடற்புழு மருந்து, நோய் அறைக்கு எப்போது மாற்றுவது, இரவில் யாரைக் கூப்பிடுவது, இவ்வளவும் அதில் இருக்கட்டும். இது இல்லாமல் பயிற்சி ஆரம்பித்தால் ஆளுக்கொரு முறை கற்றுக்கொள்வார்கள். மூத்த ஊழியர்கள் இருவர் ஒரே கேள்விக்கு இரண்டு பதில் சொன்னால், புதியவர் எது சுலபமோ அதைப் பிடித்துக்கொள்வார்.

பொருட்களைப் பொறுத்தவரை பட்டியல் சின்னதுதான். டிஜிட்டல் தெர்மாமீட்டர், கிராம் கணக்கில் காட்டும் தராசு, வினாடி முள் உள்ள கடிகாரம், கையுறை, தடித்த துண்டுகள், ஊசியில்லாத சிரிஞ்சுகள், அளவுக்குவளை, பதிவு அட்டைகள். பழக்குவதற்கு மனிதத் தொடுகையை விரும்பும், நலமான நாய் ஒன்றும் பூனை ஒன்றும். மிரண்டுபோன விலங்கை வைத்துப் பாடம் நடத்தாதீர்கள். அதற்கும் துன்பம், கற்பவருக்கும் பயம்.

பயிற்சிக்கு வருபவரின் உடல்நலத்தையும் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். ரேபிஸ் உள்ள பகுதியாக இருந்தால், விலங்குகளைக் கையாளுமுன் அவருக்கு ரேபிஸ் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். டெட்டனஸ் ஊசியும் காலாவதியாகியிருக்கக் கூடாது. கர்ப்பிணிகளும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் பூனை மணல் தட்டைச் சுத்தம் செய்யும் வேலையை வேறொருவரிடம் விடுவது நல்லது. பூனை மலத்தில் இருக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி அவர்களுக்கு ஆபத்து. அது மலத்தில் வெளியேறியதும் தொற்றுவதில்லை, அந்த நிலைக்கு வர அதற்கு ஒரு நாளாவது பிடிக்கும். தட்டைத் தினமும் காலி செய்யச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

2. யார் எதுவரை போகலாம் என்ற கோடு

முதல் அரைமணி நேரத்திலேயே இதைப் போட்டுவிடுங்கள். பின்னால் சொன்னால் மனத்தாங்கல்தான் வரும்.

ஊழியர் செய்யலாம்: எடை, வெப்பநிலை, மூச்சு எண்ணுவது, மருத்துவர் எழுதித் தந்த மருந்தை எழுதிய அளவில் கொடுப்பது, சந்தேகம் வந்தால் விலங்கைத் தனியறைக்கு மாற்றுவது. ஃபாஸ்டர் எடுப்பவரும் ஏறக்குறைய இதையே செய்யலாம். மாற்றுவதற்கு அவரிடம் வேறு அறை இல்லையென்றால் உடனே தொலைபேச வேண்டும். நோய் என்னவென்று தீர்மானிப்பது, மருந்தைத் தொடங்குவது, நிறுத்துவது, அளவை மாற்றுவது, மூன்றும் மருத்துவருடையவை.

காரணத்தை உறைக்கிற மாதிரி சொல்லுங்கள். மனிதர்கள் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடக்கூடும். நாய்களுக்கான உண்ணி மருந்துகள் சிலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின், பூனையின் மேல் பட்டால் வலிப்பு வரும். இரண்டும் நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் தவறுகள். அதனால்தான் எச்சரிக்கை முதல் நாளே தேவைப்படுகிறது.

3. நலமான விலங்கைப் பார்க்கப் பழக்குங்கள்

இந்தப் பாடத்துக்குத்தான் நான் அதிக நேரம் ஒதுக்குகிறேன். நலமான பூனை எப்படி உட்காரும் என்று மனதில் பதியாதவருக்கு, குன்றி உட்கார்ந்திருக்கும் பூனை ‘சாதுவான பூனை’யாகத்தான் தெரியும்.

முதல் பயிற்சி: கூண்டுக்கு வெளியே பத்து நிமிடம் சும்மா உட்காரச் சொல்லுங்கள். தொடக் கூடாது, கூப்பிடக் கூடாது. பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். முதல் முறை எல்லோரும் எழுதுவது ‘சோகமாக இருக்கிறது’, ‘பயந்திருக்கிறது’. அவற்றை அடித்துவிட்டு, எதைப் பார்த்து அப்படி நினைத்தீர்கள் என்று கேளுங்கள். இரண்டாம் முறை ‘கூண்டின் பின்மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது, காதுகள் பக்கவாட்டில் மடங்கியிருக்கின்றன, தட்டில் பாதி சாப்பாடு மிச்சம்’ என்று வரும். தொலைபேசியில் மருத்துவருக்குப் பயன்படுவது இந்த வாக்கியம்தான்.

அடுத்தது எண்கள். அட்டையில் அச்சடித்துக் கொடுங்கள், மனப்பாடம் செய்ய வைக்க வேண்டாம். வளர்ந்த நாய், பூனையின் உடல் வெப்பம் சுமார் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். புதியவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். மனிதக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு 38.6ஐப் பார்த்ததும் காய்ச்சல் என்று பதறுவார்கள். அதைவிட மோசமானது 37ஐப் பார்த்து ‘நார்மல்’ என்று எழுதிவிட்டுப் போவது. வளர்ந்த விலங்குக்கு அது குறைவு. தெர்மாமீட்டரைச் சரியாக வைக்காமல் வந்த எண்ணாகவும் இருக்கலாம், அதனால் உடனே இன்னொரு முறை எடுக்க வேண்டும். அப்போதும் அதே எண் வந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மூச்சு: அசையாமல் படுத்திருக்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒன்றாக எண்ணி, 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். தூங்கும் நாயோ பூனையோ நிமிடத்துக்கு 30ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் சொல்ல வேண்டிய விஷயம். ஓடிவிட்டு வந்த நாயின் மூச்சை எண்ணி ‘80’ என்று எழுதியவர்களும் உண்டு.

ஈறு: விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, 2 வினாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். சில விலங்குகளுக்கு ஈறே கறுப்பாக இருக்கும், அப்போது கீழ் இமையின் உட்புறத்தைப் பார்க்கலாம். தோலைக் கிள்ளித் தூக்கி நீர்ச்சத்தைப் பார்ப்பதையும் கற்றுக்கொடுங்கள். ஆனால் மெலிந்த, வயதான விலங்கின் தோல் இயல்பாகவே மெதுவாகத்தான் இறங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

உடல்வாகுக்கு 9 புள்ளி அளவுகோல் இருக்கிறது. 1 என்றால் எலும்பும் தோலும், 9 என்றால் மிகப் பருமன். கண்ணால் பார்த்து மதிப்பெண் போடக் கூடாது. அடர்ந்த முடிக்குள் எலும்புக்கூடு ஒளிந்திருக்கும், விலா எலும்பைக் கைவைத்துத் தடவித்தான் போட வேண்டும். ஒரே நாய்க்கு நான்கு பேரைத் தனித்தனியாக மதிப்பெண் போடச் சொல்லி, அப்புறம் ஒப்பிட்டுப் பாருங்கள். வகுப்பு கலகலப்பாகிவிடும்.

4. தொடுவதற்கு முன் உடல்மொழி

வால் ஆடினால் நாய் சந்தோஷமாக இருக்கிறது என்ற நம்பிக்கையை முதலில் உடைக்க வேண்டும். உடம்பு விறைத்து, வால் உயர்ந்து, நுனி மட்டும் வேகமாக ஆடினால் அது எச்சரிக்கை. அதற்கும் முன்னால் சின்னச் சின்னதாகப் பல வரும்: உதட்டை நக்குவது, தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரிவது. உறுமும் நாயைத் திட்டக் கூடாது. உறுமக் கூடாது என்று கற்ற நாய் அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் கடிக்கும்.

பூனைக்குப் பிடரியைப் பிடித்துத் தூக்கும் பழக்கத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். துண்டால் போர்த்தி, கீழிருந்து தாங்கி எடுத்தால் பூனை அடங்கியிருக்கும். பிடியை இறுக்க இறுக்கப் போராட்டம்தான் கூடும். இரண்டு முறை முயன்றும் முடியவில்லையென்றால் நிறுத்திவிட்டு, அரைமணி கழித்து வேறொருவர் முயலட்டும்.

கடி, கீறல் பட்டால் என்ன செய்வது என்பதை இங்கேயே சொல்லிவிடுங்கள். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் இரண்டு நிமிடத்தில் 15 ஆகிவிட்டதாகத் தோன்றும். பிறகு அன்றே மனித மருத்துவரிடம் போக வேண்டும். முன்பே ரேபிஸ் ஊசி போட்டவரும் போகத்தான் வேண்டும். கடித்த நாயையோ பூனையையோ 10 நாள் கண்காணிப்பில் வைத்துப் பதிவு செய்ய வேண்டும். பூனைக்கடி வெளியில் ஊசிக்குத்துப் போலத்தான் இருக்கும், ஆனால் பல் ஆழமாக இறங்கியிருக்கும், சீக்கிரம் சீழ் வைக்கும். ‘ஒண்ணுமில்லை, சின்னக் கீறல்தான்’ என்பவரை அனுப்பியே தீருங்கள். கடிபட்டதை மறைப்பவர் பெரும்பாலும் தன்னைத் திட்டுவார்கள் என்றோ, விலங்குக்கு ஏதாவது ஆகிவிடும் என்றோ பயந்துதான் மறைக்கிறார். அந்தப் பயம் வராமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

5. சுத்தம் செய்யும் வரிசை

காப்பகத்தில் நோய் பெரும்பாலும் நம் கை, உடை, மாப், வாளி மூலமாகத்தான் நகர்கிறது. இதை வாயால் சொன்னால் யாருக்கும் ஏறாது, ஆகவே காட்டிவிடுங்கள். ஒரு காலிக் கூண்டின் கதவுப் பிடியிலும் ஒரு துணிப் பொம்மையிலும் புறஊதா ஒளியில் மின்னும் பொடியைத் தடவி வையுங்கள். பயிற்சிக்கு வந்தவர்கள் அந்தப் பொம்மையைத் தூக்கி, கூண்டைத் துடைத்து, அடுத்த கூண்டுக்குப் போகட்டும். அரைமணி கழித்து விளக்கை அணைத்துவிட்டுப் புறஊதா டார்ச்சை அடியுங்கள். தட்டு, குழாய்த் திருகு, கைப்பேசி, மூக்கு நுனி வரை மின்னும். ஒருமுறை என் பேனாவிலேயே மின்னியது. அந்தப் பொடி இல்லையென்றால் ஏதாவது அடர்ந்த வண்ணப் பொடியாலும் இதைச் செய்யலாம்.

வரிசை இதுதான். நலமான குட்டிகள் முதலில், அடுத்து நலமான பெரிய விலங்குகள், அப்புறம் புதிதாக வந்து கண்காணிப்பில் இருப்பவை, நோய் அறை கடைசி. நோய் அறைக்குள் போய்விட்டு மறுபடி குட்டிகளிடம் வர நேர்ந்தால் உடை, காலணி, கையுறை மாற்றிக் கை கழுவியாக வேண்டும். இரண்டு இடத்துக்கும் ஒரே மாப் என்றால் இந்த வரிசையால் பயனே இல்லை. ஒவ்வொரு அறைக்கும் தனித்தனி நிறத்தில் வாளியும் மாப்பும் வாங்கிவிடுங்கள்.

கூண்டுக்குள் செய்ய வேண்டியதற்கும் வரிசை உண்டு. விலங்கை வெளியே எடுத்தல், மலம், மண், முடி எல்லாவற்றையும் அள்ளுதல், சோப்புத் தண்ணீரால் தேய்த்தல், அலசுதல், பிறகே கிருமிநாசினி, சொன்ன நேரம் ஈரமாக விடுதல், மறுபடி அலசுதல், காயவிடுதல். அழுக்கின் மேலேயே ப்ளீச்சை ஊற்றுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. அழுக்கு ப்ளீச்சைச் செயலிழக்க வைத்துவிடும். வாசனை மட்டும் சுத்தமாக இருக்கும், கிருமி அங்கேயே இருக்கும்.

நாய்களின் பார்வோவும் பூனைகளின் பான்லூக்கோபீனியாவும் பிடிவாதமான வைரஸ்கள். பல மாதங்கள் தரையிலும் மண்ணிலும் உயிர்ப்போடு இருக்கும். ஆல்கஹால் சானிடைசரை நம்பிப் பயனில்லை, பினாயில் வகையறாவையும் நம்ப முடியாது. 5 முதல் 6 சதவீத ஹைபோகுளோரைட் உள்ள வீட்டு ப்ளீச் என்றால், 1 பங்குக்கு 32 பங்கு தண்ணீர், அதாவது லிட்டருக்குச் சுமார் 30 மில்லி, 10 நிமிடம் ஈரமாக இருக்க வேண்டும். புட்டியில் சதவீதம் வேறாக இருந்தால் கணக்கும் மாறும். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும், நேற்றைய கரைசலில் வீரியம் குறைந்திருக்கும். அமிலத்தோடோ அம்மோனியாவோடோ ப்ளீச்சைச் சேர்த்தால் நச்சுவாயு வரும். சிறுநீர் தேங்கிய கூண்டை முதலில் அலசச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

பூனைகள் விஷயத்தில் ஒரு விலக்கு. அதே பூனை அதே கூண்டில் தொடர்ந்து இருக்கப்போகிறதென்றால் தினமும் எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுக் கழுவ வேண்டாம். மணல் தட்டையும் தட்டுகளையும் மாற்றி, அழுக்கான இடத்தை மட்டும் துடைத்தால் போதும். தன் வாசனை உள்ள துணி அங்கேயே இருந்தால் பூனை சீக்கிரம் நிதானப்படும். முழுச் சுத்தம், பூனை மாறும்போது.

6. புது விலங்கு வரும் முதல் மணி நேரம்

அடையாளம், எடை, உடம்பு முழுக்க ஒரு பார்வை, தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணி, தெள்ளுப்பூச்சி மருந்து, தனியறை. ஊழியர் இந்த வரிசையில் கைகொடுக்க, எதைப் போடுவது என்பது எழுத்து நடைமுறைப்படி நடக்கும். தடுப்பூசியை ‘நாளைக்குப் போடலாம்’ என்று தள்ளக் கூடாது. நோய்க்கிருமி நிறைந்த இடத்துக்குள் வரும் விலங்குக்கு ஒரு நாள் பெரிய இடைவெளி.

குட்டிகளுக்கு ஒரு ஊசி போட்டதும் பாதுகாப்பு வந்துவிட்டதாக நினைப்பது பரவலான தவறு. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி ஊசியின் வேலையைத் தடுக்கும். அது எந்தக் குட்டிக்கு எந்த வாரம் தேயும் என்று வெளியிலிருந்து தெரியாது. அதனால்தான் காப்பகங்களில் 4 முதல் 6 வார வயதில் தொடங்கி, 2 முதல் 3 வாரத்துக்கு ஒருமுறை, 20 வாரம் வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்.

‘வந்த அன்று நன்றாகத்தானே இருந்தது’ என்பதையும் விளக்கிவிடுங்கள். பார்வோ தொற்றிய நாய்க்குட்டி பெரும்பாலும் 3 முதல் 7 நாள் கழித்துத்தான் படுக்கும், சிலவற்றுக்கு இரண்டு வாரம் வரை ஆகலாம். தனியறைக் காலம் 14 நாள் என்பது இந்தக் கணக்கில் வருவது.

பட்டினியால் வற்றிப்போன விலங்கு வந்தால் எல்லோருக்கும் கை பரபரக்கும், தட்டு நிறைய வைக்கத் தோன்றும். வைக்கக் கூடாது. நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறையச் சாப்பிட்டால் இரத்தத்தில் பாஸ்பரஸ் போன்ற உப்புகள் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். மருத்துவர் சொல்லும் அளவில், கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்க வேண்டும்.

7. இப்போதே, இன்றைக்குள், கவனித்து எழுது

அறிகுறிப் பட்டியலை நோய்வாரியாகக் கொடுத்தால் குழம்புவார்கள். அவசரத்தின்படி மூன்றாகப் பிரித்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

இப்போதே கூப்பிட வேண்டியவை: மூச்சுத் திணறல், பூனை வாயைத் திறந்து மூச்சு விடுவது, ஈறு வெளுப்பது அல்லது நீலமாவது, 5 நிமிடத்தைத் தாண்டும் அல்லது அடுத்தடுத்து வரும் வலிப்பு, நிற்காத இரத்தம், எழ முடியாமல் சாய்வது, பெரிய நாய் வயிறு உப்பி வாந்தி வராமல் ஓங்கரிப்பது, தடுப்பூசி முடியாத குட்டி வாந்தியோடு துவண்டு படுப்பது. ஆண் பூனை மணல் தட்டில் முக்கிக்கொண்டே இருந்து சிறுநீர் வராமல் போவதும் இதில் சேரும். புதியவர் அதை மலச்சிக்கல் என்று நினைத்து மறுநாள் வரை விட்டுவிடுவார், அதற்குள் சிறுநீரகம் கெட்டுப்போகும்.

வெயிலில் சுருண்ட நாய்க்கு ஒரு விலக்கு உண்டு. முதலில் தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்கத் தொடங்க வேண்டும், அப்புறம்தான் வண்டி. போகும் வழியில் காற்று படட்டும். ஈரத்துண்டைப் போர்த்தி மூடிவிட்டால் சூடு உள்ளேயே நின்றுவிடும்.

இன்றைக்குள் சொல்ல வேண்டியவை: ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாத பூனை, திரும்பத் திரும்ப வாந்தி, கழிச்சல், கண், மூக்கில் சளி, வட்டமாக முடி உதிர்வது, நொண்டுவது. பருமனான பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு படியத் தொடங்கும். ‘பசித்தால் தானே சாப்பிடும்’ என்பது பூனைக்குப் பொருந்தாது.

மற்றதெல்லாம் கவனித்து எழுதுவது. எந்தப் பிரிவு என்று சந்தேகம் வந்தால் மேலே இருக்கும் பிரிவை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வீணாக வந்த அழைப்புக்கு யாரையும் கடிந்துகொள்ளாதீர்கள். ஒருமுறை கடிந்தால் அவர் அடுத்த முறை கூப்பிடமாட்டார்.

8. ஃபாஸ்டர் எடுப்பவர்களுக்கு மட்டும்

இவர்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுங்கள். ஊழியருக்குப் பக்கத்தில் யாராவது இருப்பார்கள். இவரோ நள்ளிரவில் தனியாக ஒரு குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்.

விலங்கைக் கொடுப்பதற்கு முன் அறையின் புகைப்படத்தைக் கேளுங்கள். கதவு மூடுகிற, துடைத்துக் கழுவக்கூடிய தரையுள்ள தனியறை வேண்டும், குளியலறைகூடப் போதும். கம்பளம், மெத்தை உள்ள அறையில் பார்வோவோ படர்தாமரையோ வந்தால் சுத்தம் செய்து முடியாது. மின்கம்பி, நூல், சின்னப் பொம்மைகள், லில்லிச் செடிகள் இருக்கின்றனவா என்று படத்தில் தேடுங்கள். லில்லியின் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் பழுதாகும்.

வீட்டு விலங்குகளுக்குத் தடுப்பூசி முடிந்திருக்க வேண்டும், 14 நாள் முகத்தோடு முகம் பார்க்கக் கூடாது. இங்கே ஒரு கேள்வி நிச்சயம் வரும்: காப்பகத்தில் குட்டிகள் முதலில் என்றீர்களே, வீட்டில் யார் முதலில்? வீட்டில் தன் விலங்குகள் முதலில், ஃபாஸ்டர் குட்டிகள் கடைசி. அங்கே குட்டிகள் நலமானவை என்று தெரியும். இங்கே புதிதாக வந்த குட்டியைப் பற்றி இன்னும் ஒன்றும் தெரியாது.

தாயில்லாப் பூனைக்குட்டிகளுக்குத் தனி வகுப்பு வைக்கிறேன். நான்கு விஷயம், வரிசை மாறக் கூடாது. முதலில் சூடு. குளிர்ந்திருக்கும் குட்டிக்குப் பால் கொடுத்தால் குடல் வேலை செய்யாது, பால் உள்ளேயே கெட்டுப்போகும். துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியைப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள், சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துபோக மறுபக்கம் இடம் வேண்டும். மெதுவாகச் சூடேற்ற வேண்டும், அவசரப்படக் கூடாது.

இரண்டாவது எடை. பிறந்த பூனைக்குட்டி சுமார் 100 கிராம் இருக்கும், நாளைக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். தினமும் ஒரே நேரத்தில், பால் கொடுப்பதற்கு முன் நிறுத்துங்கள். எடை குறைந்தால் அன்றே அழைப்பு. குட்டி துவளுவது கண்ணுக்குத் தெரியுமுன் தராசில் தெரிந்துவிடும்.

மூன்றாவது பால். பூனைக்குட்டிக்கான பால்மாவு வேண்டும், பசும்பால் ஒத்துக்கொள்ளாது. முதல் வாரம் 2 முதல் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும். குட்டி வயிறு கீழே இருக்கும்படி, தாயிடம் குடிக்கும் நிலையிலேயே குடிக்க வேண்டும். மனிதக் குழந்தையைப் போல மல்லாத்திக் கொடுத்தால் பால் நுரையீரலுக்குள் போகும். எவ்வளவு சொன்னாலும் வகுப்பில் யாராவது ஒருவர் பொம்மையைக் கையில் வாங்கியதும் மல்லாத்திவிடுகிறார், கை தானாகத் திரும்பிவிடுகிறது. அதனால் ஒவ்வொருவரும் பொம்மையை வைத்து மூன்று முறையாவது செய்து காட்டட்டும்.

நான்காவது, ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால் மெல்லத் துடைத்துச் சிறுநீர், மலம் போகவைப்பது. சுமார் மூன்று வாரம் வரை குட்டியால் தானாகப் போக முடியாது.

9. மருந்தும் பதிவும்

சிறிய பாடம்தான், ஆனால் எண்களில் கவனம் வேண்டும். ‘.5’ என்று எழுதவே கூடாது, ‘0.5 மில்லி’ என்றுதான் எழுத வேண்டும். புள்ளி மங்கினால் 5 ஆகிவிடும். மில்லிகிராமும் மில்லிலிட்டரும் வேறு வேறு என்பதைச் சிரிஞ்சில் தண்ணீர் உறிஞ்சிக் காட்டுங்கள். திரவ மருந்தைக் கன்னத்தின் பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும், நேராகத் தொண்டைக்குள் பீய்ச்சினால் புரையேறும். பூனைக்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தால் பின்னாலேயே கொஞ்சம் தண்ணீரோ ஈர உணவோ கொடுக்க வேண்டும். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாகிக் குழாயே சுருங்கிவிடும்.

கொடுத்தவர் கொடுத்த உடனே கையெழுத்துப் போட வேண்டும். ‘எல்லாருக்கும் கொடுத்துவிட்டு மொத்தமாக எழுதிக்கொள்கிறேன்’ என்றால் ஏதோ ஒரு நாய்க்கு இரண்டு தடவை போய்விடும்.

10. உடம்பு நலம் மட்டும் போதாது

உணவு, சூழல், உடல்நலம், நடத்தை, மனநிலை என்று ஐந்து கேள்விகளாக அட்டையில் போட்டு, தினமும் ஒரு விலங்கைப் பற்றி ஐந்துக்கும் பதில் எழுதச் சொல்லுங்கள். முதல் மூன்றுக்குச் சரசரவென்று எழுதுவார்கள். நான்காவதில் பேனா நிற்கும், பாடம் அங்கிருந்து தொடங்கலாம்.

பூனைக்கு ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி கொடுங்கள். ஒளிய இடமில்லாத பூனை மணல் தட்டுக்குள்ளேயே படுத்துக்கொள்ளும், சாப்பிடாது. சாப்பாடும் மணல் தட்டும் குறைந்தது 60 சென்டிமீட்டர் தள்ளியிருக்கட்டும். நாய்க்கூடங்களில் குரைப்புச் சத்தம் 100 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். எதிரெதிரே நாய்கள் பார்த்துக்கொள்ளாதபடி பாதி மறைப்புப் போட்டால் சத்தம் குறையும். கூண்டைச் சுற்றிச் சுற்றி வருவது, காலை நக்கி நக்கிப் புண்ணாக்குவது போன்றவற்றை ‘அது அப்படித்தான்’ என்று விடாமல் அட்டையில் எழுத வேண்டும்.

11. பயிற்சி ஏறியதா என்று பார்ப்பது

எழுத்துத் தேர்வு வைக்காதீர்கள். என் முன்வரிசைக்காரர் அதில் நூற்றுக்கு நூறு வாங்கியிருப்பார். செய்து காட்டச் சொல்லுங்கள்: ஒரு கூண்டைச் சுத்தம் செய்து, ஒரு நாயின் மூச்சை எண்ணி, 0.3 மில்லி மருந்தை உறிஞ்சி, பூனையைத் துண்டில் எடுத்துக் காட்டட்டும்.

கடைசியாக ஒரு போலி அழைப்பு. நான் பக்கத்து அறையிலிருந்து மருத்துவராகப் பேசுவேன். முதல் முறை இப்படித்தான் வரும்: “டாக்டர், நம்ம வெள்ளைக்குட்டிக்கு ஒரு மாதிரியா இருக்கு, கொஞ்சம் வந்து பாருங்க.” வைத்துவிட்டு மறுபடி கூப்பிடச் சொல்வேன். மூன்றாவது முறை இப்படி மாறும்: “டாக்டர், 7ஆம் கூண்டு, பத்து வார நாய்க்குட்டி, வந்து 5 நாள், ஒரு ஊசிதான் ஆகியிருக்கு. காலையிலிருந்து மூணு தடவை வாந்தி, சாப்பிடலை, ஈறு வெளிறியிருக்கு, 39.8 இருக்கு. தனியறைக்கு மாத்திட்டேன், மருந்து எதுவும் கொடுக்கலை.” இப்படிச் சொல்ல வந்துவிட்டால் கூண்டுச் சாவியைக் கையில் கொடுத்துவிடலாம்.

முதல் வாரம் முடிவில் ஒருமுறை, ஒரு மாதம் கழித்து ஒருமுறை, அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். பழகிய கை குறுக்குவழி தேடும். முதலில் விட்டுப்போவது, ப்ளீச் ஊற்றியபின் காத்திருக்க வேண்டிய அந்த 10 நிமிடம்தான். சுவரில் ஒரு டைமரைத் தொங்கவிட்டுவிடுங்கள்.